55 செமீ டேபிளுக்கு 27 இன்ச்சா 32 இன்ச்சா?

கோவை_கணக்கு:
வணக்கம் மக்களே, வீட்ல இருந்துதான் வேலை, லேப்டாப்ல குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. மானிட்டர் வாங்கலாம்னு இருக்கேன். டேபிள் 4 அடி நீளம், ஆழம் அளந்து பாத்தா 55 செமீ தான், சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கு, சேருக்குப் பின்னாடி பீரோ, அதனால நகத்த வழியில்ல. எக்ஸெல், டேலி, எப்பவாச்சும் படம். 32 இன்ச் ஆஃபர்ல 27 விலைக்கே வருது, மனசு அங்கதான் போகுது. எடுக்கலாமா?

மவுஸ்மணி:
27. ஆனா 1080பி (மேலேர்ந்து கீழ 1080 வரி புள்ளி இருக்குற ஸ்கிரீன்) எடுத்துடாதீங்க.

ராத்திரிஷிப்ட்:
நீளத்த விடுங்க ப்ரோ, 32 இன்ச்சே குறுக்க 71 செமீ தான், உங்க 4 அடில தாராளமா உக்காரும். இடிக்கிறது ஆழம். கூட வர்ற ஸ்டாண்ட் பின்னாடியும் நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால ஸ்கிரீன் சுவத்துலேர்ந்து 15 செமீயாவது முன்னாடி வந்துரும், மிச்சம் 40, நீங்க சாஞ்சு உக்காந்தாலும் கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் 50, 55 தாண்டாது. அந்த தூரத்துல 32ஐ வச்சுட்டு எக்ஸெல்ல முதல் கட்டத்துக்கும் கடைசி கட்டத்துக்கும் தலையத் திருப்பிக்கிட்டே இருக்கணும், கழுத்து வலிக்குத்தானே வாங்குறீங்க?

மணி சொன்னதும் சரி. 27 இன்ச்ல 1080பின்னா இன்ச்சுக்கு 82 புள்ளிதான், 24ல அதுவே 92, 27ல 1440பின்னா 109. கிட்ட உக்காந்து நாள் பூரா நம்பர் பாக்குறவங்களுக்கு எழுத்து தெளிவுல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். பட்ஜெட் இடிச்சா 24ல 1080பி, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி பழைய அட்டைப் பெட்டிய 27க்கு 60க்கு 34 செமீல ஒண்ணு, 32க்கு 71க்கு 40ல ஒண்ணு வெட்டி ஸ்கிரீன் வர்ற இடத்துல நிறுத்திப் பாருங்க. மேல் ஓரம் கண் மட்டத்துக்கு மேல போகக்கூடாது.

தச்சன்:
மானிட்டர் ஆர்ம் (ஸ்டாண்டுக்குப் பதிலா டேபிள் ஓரத்துல கிளாம்ப் வச்சுக் கவ்வி மானிட்டரத் தாங்குற மடங்குற கை) போட்டா கொஞ்சம் ஆழம் மிச்சமாகும், ஆனா டேபிள் சுவத்தோட ஒட்டியிருந்தா ஆர்மோட முட்டி மடங்க இடம் இருக்காது, கிளாம்ப் மாட்டவும் கொஞ்சம் சந்து வேணும். பார்ட்டிக்கிள் போர்டுன்னா கிளாம்புக்கு அடில ஒரு இரும்புத் தகடு வைங்க, இல்லன்னா அமுங்கிடும். கண்ணாடி டேபிள்னா நெனச்சுக் கூடப் பாக்காதீங்க. ஆர்ம் மாட்ட மானிட்டர் பின்னாடி நாலு ஸ்குரூ ஓட்டை, வேசா 100க்கு 100 (ஓட்டைக்கு ஓட்டை 100 மிமீ), இருக்கான்னு பாத்துக்கோங்க, விலை கம்மி மாடல் சிலதுல இருக்காது.

கோவை_கணக்கு:
அட்டை வெட்டிப் பாத்தேன், 32 வச்சா சுவத்துல இருக்குற ஸ்விட்ச் போர்டே மறைஞ்சு போகுது, ஃபேன் போடவே கைய பின்னாடி விடணும் 😂 27, 1440பி தான். லேப்டாப் பழசு, மானிட்டர் ஒயர் மாட்டுற எச்டிஎம்ஐ போர்ட் பழைய 1.4 தான், ஓடுமா?

ராத்திரிஷிப்ட்:
1440பி 60 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 60 தடவை படம் மாறும்) ஓடும். அதவிடப் புள்ளி கூடின 4கேன்னா அந்த போர்ட்ல 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் தத்தித் தத்திப் போகும். ஸ்டாண்ட் மேல கீழ ஏத்தி இறக்குற மாதிரி இருக்கான்னு மட்டும் பாத்து எடுங்க.