மறுமொழி: ‘ரியர் சைட் அலைன்மென்ட்’ – ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

துப்பாக்கியின் ‘ரியர் சைட் அலைன்மென்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இழையை முதலிலிருந்து படித்தேன். குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் கண்ணுக்கு அருகே ஒன்றும் முனைப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு உறுப்புகளில், கண்ணுக்கு அருகே இருப்பதுதான் ‘ரியர் சைட்’. ‘பின்பார்வைச் சீரமைப்பு’ என்ற சொல்லுக்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. என்.சி.சி. மாணவர்களுக்கும் துப்பாக்கி சுடும் மன்றங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் தமிழில் கையேடு எழுதுகிறோம். ‘பார்வையை இடப்பக்கம் நகர்த்தவும்’ என்று அதில் எழுதினால், படிப்பவர் கண்ணைத் திருப்புவார், திருகாணியைத் தொட மாட்டார். ‘சீரமைப்பு’ என்றால் சாலைச் சீரமைப்புதான் நினைவுக்கு வரும். உடைந்ததைச் சரிசெய்வது என்ற பொருள் அதில் ஊறிக் கிடக்கிறது.

உறுப்பின் பெயரை முதலில் முடிவு செய்வோம். குறி பார்த்தான், குறி தப்பியது, குறி வைத்தான் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ஆகவே கண்ணுக்கு அருகே இருப்பதைப் பின்குறி, முனைப்பக்கம் இருப்பதை முன்குறி என்றாலே போதும். ‘குறி’ என்றால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மேற்கோள் குறி, நிறுத்தற்குறி, கேள்விக்குறி என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம், யாரும் சிரிப்பதில்லை. ‘குறிகாட்டி’ மட்டும் வேண்டாம். அது பொருளாதாரக் கட்டுரைகளில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

‘அயர்ன் சைட்’ என்பதை ‘இரும்புக் குறி’ என்று பெயர்ப்பதும் சரிவராது. இப்போது பல குறிகள் அலுமினியத்திலும் பாலிமரிலும் வருகின்றன. பொருத்திப் பார்க்கும் லென்ஸ் எதுவும் இல்லை என்பதுதான் அங்கே செய்தி. வெறுங்கண் என்கிறோமே, அதே வழியில் ‘வெறுங்குறி’ என்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘அலைன்மென்ட்’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் மூன்று வேறு விஷயங்களுக்குச் சொல்கிறார்கள். சுடுகிறவர் ‘பின்குறி சரியில்லை’ என்று வந்து நின்றால், அந்த மூன்றில் எது என்று பிரித்தால்தான் பழுது பிடிபடும். தமிழிலும் ஒரே சொல்லை வைத்துவிட்டால் அந்தக் குழப்பத்தை நாமும் விலைக்கு வாங்கியதாகிவிடும்.

முதலாவது கண்ணின் வேலை. பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில், அல்லது துளைக்கு நடுவில், முன்குறியின் முனையை நிறுத்துவது. இதைக் ‘குறிச்சேர்ப்பு’ என்கிறேன். இரண்டு குறிகளுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்முனை நடுவிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஆனால் குறிச்சேர்ப்பு பிசகாமல் துப்பாக்கி மொத்தமும் பக்கவாட்டில் 2 சென்டிமீட்டர் அசைந்தால், இலக்கிலும் அதே 2 சென்டிமீட்டர்தான். இதனால்தான் இலக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, முன்முனை தெளிவாகத் தெரியட்டும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த 50 சென்டிமீட்டருக்கும் பெயர் வேண்டும். ‘குறியிடைத் தூரம்’ பொருந்தும்.

இரண்டாவது, குறிகளுக்கும் குழலுக்கும் உள்ள உறவு. குண்டுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் அந்த இடம் நடுப்புள்ளி இல்லை. அப்படியானால் கண்ணையும் கையையும் குறை சொல்லிப் பயனில்லை, குறியைத்தான் நகர்த்த வேண்டும். இது ‘குறித்திருத்தம்’. ‘ஸீரோயிங்’ என்பதற்குச் ‘சுழியாக்கம்’ என்று வந்த பரிந்துரையை விட்டுவிடலாம், இங்கே எண் எதையும் யாரும் சுழியாக்குவதில்லை. பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும், முன்குறியை அதற்கு எதிர்ப்பக்கம். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: பிழையைக் குறியிடைத் தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 25 மீட்டரில் 5 சென்டிமீட்டர் வலப்பக்கம் விழுந்தால், மேலே சொன்ன துப்பாக்கியில் பின்குறியை 1 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ள வேண்டும்.

எந்தக் குறியை நகர்த்துவது என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்த .303 லீ-என்ஃபீல்டு ரைபிள், மூன்றாம் மார்க் நட்சத்திர வகை (Mk III*), இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் தயாரிப்பை எளிதாக்க, பின்குறியின் பக்கத் திருத்தத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் பக்கவாட்டுப் பிழை என்றால் முன்குறியை அது செருகியிருக்கும் காடிப் பள்ளத்தில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். குண்டு தாழ விழுந்தால் உயரம் குறைந்த முன்குறியை மாற்றிப் போட வேண்டும். ஏ.கே.-47 போன்ற ஏ.கே. வகை ரைபிள்களிலும் திருத்தம் முன்குறியில்தான். எம்-16 ரைபிளில் பக்கத் திருத்தம் பின்குறியில், உயரத்துக்கான அடிப்படைத் திருத்தம் முன்குறியில். ஆக ‘பின்குறித் திருத்தம்’ என்று கையேட்டில் தலைப்பிட்டால் பாதித் துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது.

மூன்றாவதைத்தான் இழையில் யாரும் தொடவில்லை. குறி துப்பாக்கியின் மேல் நிமிர்ந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது: ‘குறிச்சாய்வு’. இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். கிட்டத்தில் திருத்திவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும். தூரத்து இலக்குக்காகப் பின்குறியை உயர்த்தும்போதுதான் வெளிப்படும். பின்குறி இடப்பக்கம் சாய்ந்திருந்தால், உயர்த்த உயர்த்தத் துளை மேலே போவதோடு இடப்பக்கமும் நகரும், குண்டும் இடப்பக்கமே ஒதுங்கும். முன்குறியின் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தால் குண்டு வலப்பக்கம் போகும். அதை ஈடுகட்டப் பின்குறியை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் முட்டி நிற்போம்.

சோதிக்கும் முறை நம் கொத்தனார் முறையேதான். துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து உறுதிசெய்தபின், துப்பாக்கியைப் பிடிமானத்தில் நிறுத்தி, உடற்பகுதியின் தட்டையான பரப்பில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். சற்றுத் தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு முன்குறியின் தண்டையும் பின்குறியின் பக்கத்தையும் ஒத்துப் பாருங்கள். குறிகள் நேராக இருந்தும் குண்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்து விழுந்தால், சுடுகிறவர் துப்பாக்கியையே அந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். அது குறிச்சாய்வு அல்ல, ‘பிடிச்சாய்வு’. இரண்டையும் ஒரே பெயரில் எழுதக் கூடாது.

குண்டுகள் நெருங்காமல் சிதறினால் இந்த மூன்றுக்கும் முன்னால் திருகாணிகளைப் பாருங்கள். குறியின் அடிப்பாகமும் துப்பாக்கியின் உடலும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சில குண்டுகள் சுட்டால், கோடு இரண்டாக விலகியிருப்பதே பதில் சொல்லிவிடும். இதற்குக் கலைச்சொல் தேவையில்லை. ‘ஆட்டம்’ என்றாலே எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே பின்குறி ஒரு சிறு துளை, முன்குறி ஒரு வளையம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கரும்புள்ளி. வீரர்கள் அந்தப் பின்குறியை ‘டயாப்டர்’ என்றே சொல்கிறார்கள். ‘துளைக்குறி’ என்று நான் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருக்கும் உறுப்பினர்கள், உங்கள் பக்கம் புழக்கத்தில் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். கலைச்சொல் திரட்டில் அதையே சேர்த்துவிடுகிறேன்.