பத்துக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட: வைஃபையா, கம்பியா?

ஈரோட்டு ஆசிரியர்:
எங்கள் பள்ளிக் கட்டடம் இரண்டு தளம். வகுப்பறைகள், ஆய்வகம், ஆசிரியர் அறை என்று பத்து இடங்களில், மாணவர்கள் தங்கள் கையால் செய்த டிஜிட்டல் கடிகாரங்களை மாட்ட ஆசைப்படுகிறோம். சென்ற ஆண்டு டிஎஸ்1307 என்ற நேரம் காக்கும் சில்லை வைத்து மூன்று செய்தோம். ஜூனில் மூன்றையும் ஒரே நொடிக்குத் திருத்தி மாட்டினோம். காலாண்டுத் தேர்வுக்குள் ஆய்வகக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்திவிட்டது, ஆசிரியர் அறையில் இருந்தது ஒரு நிமிடம் பிந்திவிட்டது. "எங்கள் அறைக் கடிகாரத்தில் இன்னும் நேரம் இருக்கிறது ஐயா" என்று விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இம்முறை ஒவ்வொன்றிலும் இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லை வைத்து, வைஃபை வழியாக இணையத்திலிருந்து நேரம் எடுக்கலாமா?

பழைய ரேடியோ:
வேண்டாம் ஐயா. ஒரே ஒரு கடிகாரம் செய்யுங்கள், மற்றவை அதன் முகங்களாக இருக்கட்டும். அந்தக் காலத்து ரயில் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் ஒரு தாய்க் கடிகாரம் குறித்த இடைவெளியில் மின்துடிப்பு அனுப்பும், சுவரில் இருக்கும் சேய்க் கடிகாரங்களின் முள் அதற்கேற்ப நகரும். இன்று அதையே மொட்டை மாடியில் ஒரு ஜிபிஎஸ் ஏற்பி வைத்து, ஆர்எஸ்485 என்ற தகவல் இணைப்பு முறைப்படி முறுக்குக் கம்பியில் அனுப்பலாம். 1200 மீட்டர் வரை போகும், வழக்கமான சில்லுகளில் 32 சாதனங்களை இணைக்கலாம். இரண்டு முனைகளிலும் 120 ஓம் மின்தடை போட்டால் போதும். வைஃபை என்றால், அலுவலகத்தில் யாரோ கடவுச்சொல்லை மாற்றும் நாளில் பத்துக் கடிகாரங்களையும் ஏணி வைத்து இறக்க வேண்டியிருக்கும்.

வலைப்பின்னல்:
ஐயா சொல்வது ஏட்டில் சரி. நான் ஒரு கட்டடத்தில் ஆர்எஸ்485 இழுத்தவன். ஐப்பசி மழையில் அருகில் இடி விழுந்தது, ஒரு முனையில் இருந்த சில்லு உள்ளே குறுக்குச்சுற்று ஆகி முழு வரிசையையும் பிடித்து நிறுத்திவிட்டது. எது பழுது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம், இரண்டு நாள் ஆனது. வைஃபையில் ஒன்று கெட்டால் அந்த ஒன்றுதான் கெடும். வகுப்பறைக்கு மில்லிநொடித் துல்லியம் தேவையும் இல்லை. கூடவே ஒவ்வொன்றிலும் டிஎஸ்3231 என்ற நேரச் சில்லை வையுங்கள். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சில்லு அது, பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும். ஒரு மாதம் இணையமே இல்லாவிட்டாலும் பிழை ஐந்து நொடியைச் சுற்றித்தான் இருக்கும். உங்கள் டிஎஸ்1307-க்கு வெளியே வைக்கும், துடிப்புத் தரும் படிகம் பொதுவாகப் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகும். மூன்று மாதத்தில் இரண்டரை நிமிடம். ஆய்வகத்தில் நீங்கள் கண்டது ஏறக்குறைய அதுதான்.

பழைய ரேடியோ:
தம்பி, இடிக்குப் பாதுகாப்பு டையோடு போடாமல் கம்பி இழுத்தால் கம்பி என்ன செய்யும்? டிஎஸ்3231 வைப்பதை நான் மறுக்கவில்லை. நேரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. அது பள்ளியின் கூரையிலிருந்தே வரட்டும் என்கிறேன்.

விடுதி மாணவி:
இருவருக்கும் வணக்கம். மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், எங்கள் விடுதிக்கு நான்கு கடிகாரங்கள் செய்தோம். ஜிபிஎஸ் தாய் ஒன்று, அதிலிருந்து மற்றவற்றுக்கு, இஎஸ்பி சில்லுகள் தமக்குள் நேரடியாகப் பேசும் இஎஸ்பி-நவ் முறையில் வானலை. ரூட்டரும் கடவுச்சொல்லும் வேண்டாம், கம்பியும் இல்லை.

இரண்டு இடங்களில் தடுக்கினோம். ஜிபிஎஸ் ஏற்பி நொடிக்கொரு துடிப்புத் தரும், நேரத்தைச் சொல்லும் வரி அதற்குப் பிறகுதான் வரும். அந்த வரி, நடந்துமுடிந்த துடிப்பின் நேரம். நாங்கள் அதை அடுத்த துடிப்பில் அப்படியே எழுதினோம், ஒரு நொடி பிந்தியது. ஒன்றைக் கூட்டியதும் சரியானது. அடுத்தது, நடைக்கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் ஒரே பார்வையில் தெரியும். எண்கள் சரியாக இருந்தும் நடுவில் உள்ள இரட்டைப் புள்ளிகள் மாறி மாறி மின்னின. தனித்தனி அறையில் யாருக்கும் தெரியாத அரை நொடி, அங்கே கண்ணை உறுத்தியது. டிஎஸ்3231-இன் நொடிப் பதிவேட்டில் எழுதும் கணத்தில் அதன் உள் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே துடிப்பு வரும் அதே கணத்தில் எழுதி, அந்தச் சில்லு தரும் ஒரு நொடி அலையைக் கொண்டே புள்ளிகளை மின்னவிட்டோம். இரண்டும் சேர்ந்து மின்னிய அந்த இரவு நாங்கள் நடைக்கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

வலைப்பின்னல்:
அருமை தங்கையே. ஆனால் தாய் தவறினால்? ஜிபிஎஸ் ஏற்பியை நெடுநாள் கழித்துப் போட்டால், நெட்டை நொடித் திருத்தம் (உலக நேரத்தில் அவ்வப்போது கூட்டிய நொடிகளின் கணக்கு) கிடைக்கும்வரை சில நொடி பிசகிய நேரம் தரக்கூடும். செயற்கைக்கோளின் முழுச் செய்தி வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் ஒலிபரப்பினால் நான்கும் ஒன்றுபோலத் தவறு காட்டும், அதை ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

விடுதி மாணவி:
உண்மை அண்ணா. அதனால் தாய் முதல் 15 நிமிடம் வாய் திறக்காது. சேய் ஒன்றுக்கு இரண்டு நாள் செய்தி வராவிட்டால் எண்களுக்குப் பதில் நான்கு கோடு காட்டும். தவறான நேரத்தைவிடக் கோடு மேல் என்று விடுதியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பழைய ரேடியோ:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. கான்கிரீட் தளம் தாண்டி அலை போகுமா என்பதில் மட்டும் ஐயம் தீரவில்லை. ஐயா, இன்னொன்று: கடைகளில் கிடைக்கும் நீல நிற டிஎஸ்3231 பலகையில் மின்கலத்துக்கு மின்னேற்றும் பாதை உண்டு. மின்னேற்ற முடியாத சிஆர்2032 போட்டால் அது உப்பிவிடும். பலகையில் இருக்கும் அந்த டையோடையோ மின்தடையையோ பிள்ளைகளை வைத்து முதலில் எடுத்துவிடுங்கள்.

ஈரோட்டு ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. வானலை முறையில் முதலில் இரண்டு செய்து, ஒன்றைக் கீழ்த்தளத்திலும் ஒன்றை மேல்தளக் கடைசி அறையிலும் ஒரு மாதம் மாட்டப் போகிறோம். அலை எட்டவில்லை என்றால் மேல்தளத்துக்கு மட்டும் கம்பி. வகுப்பின் கடைசி வரிசைக்கும் தெரிய 2.3 அங்குல எண்கள் வாங்கினேன். 5 வோல்ட்டில், எண்களை இயக்கும் மேக்ஸ்7219 சில்லு அவற்றை எரியவைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பழைய ரேடியோ:
அந்த அளவில் எண்ணை உருவாக்கும் ஒவ்வொரு கோட்டிலும் பல எல்இடிகள் தொடராக இருக்கும், 5 வோல்ட் போதாது. பொது நேர்முனை (எல்லாக் கோடுகளின் நேர்முனையும் ஒன்றாக இணைந்தது) உள்ளவையா என்று பாருங்கள். ஆம் என்றால் 12 வோல்ட், கோடுகளை இயக்க டிபிஐசி6பி595 சில்லு, கோட்டுக்கு ஒரு மின்தடை. சுற்றுப்படத்தை இன்றிரவு வரைந்து போடுகிறேன்.