மூத்த நுண்ணுயிரியலாளருக்கான வாழ்நாள் சாதனை விருது: பரிந்துரைக் கடிதத்தில் எதை முன்னிறுத்துவது?

கேள்வி

வணக்கம். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரை, நுண்ணுயிரியல் சங்கம் ஒன்று வழங்கும் வாழ்நாள் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுப்பதிலும், தூய வளர்ப்பாகப் பேணுவதிலும், வகைப்படுத்துவதிலும் அவர் தம் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டவர். ஆக்சிஜன் சிறிது பட்டாலே மடிந்துவிடும் உயிரிகளுக்கென அவர் வகுத்த வளர்ப்பு ஊடகங்களையும் செய்முறைகளையும் வேறு பல ஆய்வுக்கூடங்கள் அன்றாடம் பின்பற்றுகின்றன; அவர் பிரித்தெடுத்த ஸ்ட்ரெயின்கள் (ஒரே மூலத்திலிருந்து வளர்க்கப்பட்ட பாக்டீரியா வழிகள்) ஆய்வாளர்கள் கேட்டுப் பெறக்கூடிய பொதுச் சேகரிப்பகங்களில் இருக்கின்றன; அவரிடம் பயின்றவர்கள் பலர் இப்போது தனி ஆய்வுக் குழுக்களை நடத்துகிறார்கள்.

எனினும் கடிதத்தை எழுதத் தொடங்கியதும் எனக்குச் சில ஐயங்கள் எழுந்தன. ‘இவர்தான் இதைக் கண்டுபிடித்தார்’ என்று ஒரே வரியில் சொல்லக்கூடிய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு எதுவும் அவர் பெயரில் இல்லை. மருந்து எதிர்ப்புத்திறன் போன்ற பரபரப்பான துறைகளில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கையும் குறைவு. கடிதமோ இரண்டு பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது. இப்படிப்பட்ட ஒருவரின் பணியைத் தேர்வுக் குழுவின் முன் எப்படி வைப்பது? மாணவர்களை உருவாக்கியதை ஆய்வுச் சாதனைக்கு நிகராகச் சொல்லலாமா, அல்லது கடைசிப் பத்தியில் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்வது முறையா? ஆதரவுக் கடிதங்களைத் திரட்டக் காலம் போதவில்லை என்பதால் அடுத்த சுற்று வரை காத்திருக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

இத்தகைய விருதுகளின் தேர்வுக் குழுக்களில் அமர்ந்து பரிந்துரைகளைப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒற்றைக் கண்டுபிடிப்பு இல்லை என்பதை ஒரு குறையாகக் கருதி, அதை மறைக்கும் நோக்கில் கடிதத்தை எழுதிவிடாதீர்கள். நுண்ணுயிரியலின் மிகப் பழைய கௌரவங்களில் ஒன்றான லேவன்ஹூக் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து அரச அறிவியல் கழகம் 1875-இல் தொடங்கிய அந்தப் பதக்கம் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வழங்கப்பட்டு வந்தது. அதைப் பெற்றவர்களில் பாஸ்டர் இருக்கிறார் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவருக்கு முன்பே, 1885-இல், பாக்டீரியாக்களை முறையாக வகைப்படுத்த முனைந்த ஃபெர்டினாண்ட் கோன் அதைப் பெற்றார். 1905-இல், விரும்பிய நுண்ணுயிர் மட்டும் பெருகும்படி சூழலை அமைக்கும் செறிவூட்டல் வளர்ப்பு முறையை நிலைநாட்டிய பெயரிங்க் பெற்றார். 1992-இல், பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் வேறானவையான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத் தனிப் பெரும்பிரிவாக அடையாளம் காட்டிய கார்ல் வோஸ் பெற்றார். உயிரிகளை வளர்ப்பதும் வரிசைப்படுத்துவதும் இத்துறையின் நடுப்பகுதியிலேயே இருந்து வந்திருக்கின்றன. உங்கள் பேராசிரியர் அந்த மரபைச் சேர்ந்தவர் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தயக்கமின்றிச் சொல்லுங்கள்.

அடுத்து, குழுவினர் உண்மையில் எதைத் தேடுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். பணி விவரக் குறிப்பு தனியாக இணைக்கப்பட்டிருக்கும். அதில் உள்ள பதவிகளையும் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் கடிதத்தில் மீண்டும் எழுதினால், இருக்கும் இரண்டு பக்கங்களும் அதிலேயே தீர்ந்துவிடும். ‘இவர் இந்தப் பணியைச் செய்யாதிருந்தால் இன்று மற்றவர்கள் எதைச் செய்ய இயலாமல் போயிருக்கும்?’ என்ற கேள்விக்கான விடையே எங்களுக்குத் தேவைப்படுகிறது. அந்த விடையைப் பரிந்துரைப்பவர்தான் தேடித் தர வேண்டும், ஏனெனில் அது எந்தப் புள்ளிவிவரத் தளத்திலும் ஆயத்தமாகக் கிடைக்காது.

ஒரு சேகரிப்பகத்தில் வைக்கப்பட்ட பாக்டீரியா எவ்வளவு தூரம் பயணம் செய்யக்கூடும் என்பதற்குத் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் நல்ல சான்று. தாமஸ் பிராக்கும் அப்போது இளநிலை மாணவராக இருந்த ஹட்சன் ஃப்ரீஸும் 1966-இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1969-இல் அதை விவரித்து வெளியிட்டதோடு, அமெரிக்காவின் பொதுச் சேகரிப்பகத்திலும் ஒப்படைத்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் அதன் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி 1980-களின் பிற்பகுதியில், டி.என்.ஏ.வைப் பன்மடங்காகப் படியெடுக்கும் பி.சி.ஆர். முறையோடு இணைந்தபோதுதான் அந்த முறை உலகெங்கும் பரவும் நிலையை அடைந்தது. 1993-இல் பி.சி.ஆர். முறைக்காகக் கேரி மல்லிஸ் நோபல் பரிசு பெற்றார். பிராக்கும் ஃப்ரீஸும் 2013-இல், முதலில் பயனற்றதாகத் தோன்றிப் பின்னர் பெரும்பயன் தந்த ஆய்வுகளுக்கான ‘கோல்டன் கூஸ்’ விருதால் நினைவுகூரப்பட்டார்கள். 1969-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அதன் மேற்கோள்களை மட்டும் எண்ணிப் பார்த்த எந்தக் குழுவும் அதன் மதிப்பை உணர்ந்திருக்க முடியாது. எனவே உங்கள் பேராசிரியரின் ஸ்ட்ரெயின்களை யார் கேட்டுப் பெற்றார்கள், பெற்று என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் சேகரிப்பகம் தரும் எண்ணைக் கொண்டு பிறருடைய கட்டுரைகளில் தேடினால், அவருடைய பெயரைக் குறிப்பிடாமலேயே அவருடைய வளர்ப்புகளைப் பயன்படுத்திய ஆய்வுகள் வெளிப்படும். மேற்கோள் எண்ணிக்கையில் விழாமல் போன தாக்கம் அங்கேதான் இருக்கிறது.

மேலும் ஒன்று: ஒரு புதிய பாக்டீரிய இனத்தின் பெயர் விதிப்படி செல்லுபடியாக வேண்டுமானால், அதற்கு ஆதாரமான ஸ்ட்ரெயினை வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு பொதுச் சேகரிப்பகங்களிலாவது ஒப்படைத்திருக்க வேண்டும் என்ற விதி 2001 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பே அவர் இதை வழக்கமாகக் கொண்டிருந்தால், அதைக் கட்டாயம் எழுதுங்கள். வேறு துறையிலிருந்து வரும் குழு உறுப்பினருக்கு இதன் பொருள் உடனே விளங்காது என்பதால் ஒரு வாக்கியத்தில் விளக்கியும் விடுங்கள்.

மேற்கோள் எண்ணிக்கை குறைவு என்பதற்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஆய்வு மதிப்பீடு குறித்து 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், தனி ஆய்வாளரின் பங்களிப்பை அளக்க இதழ்களின் தாக்கக் காரணியை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் அளவை)ப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பல சங்கங்களும் நிறுவனங்களும் அதில் கையொப்பமிட்டிருக்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்கும் சங்கம் அவற்றுள் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாக இருந்தால் எண்களைப் பற்றிய பேச்சே கடிதத்தில் தேவையில்லை.

இரண்டாவது பதில்

முதல் பதிலில் உள்ளவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் விருதைத் தேர்ந்தெடுத்ததே சரிதானா என்பதையும் நீங்கள் சிந்திக்க வேண்டும். நுண்ணுயிரியல் முழுமைக்கும் பொதுவான விருதில் அவர் நோய்க்கிருமியியலாளர்களோடும் வைரஸ் ஆய்வாளர்களோடும் போட்டியிட நேரும். பாக்டீரியா வகைப்பாட்டில் வாழ்நாள் பங்களிப்பு செய்தவர்களுக்கென்றே பெர்ஜி அறக்கட்டளை வழங்கும் பெர்ஜி பதக்கம் இருக்கிறது. நுண்ணுயிர்ச் சேகரிப்புகளை நெடுங்காலம் பேணிக் காத்தவர்களுக்கென ஜே. ரோஜர் போர்ட்டர் விருது இருக்கிறது. இவற்றின் குழுக்களுக்குக் காற்றில்லா வளர்ப்பின் கடினத்தை விளக்கவே வேண்டியதில்லை. பொது விருதைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே தரவுகளைக் கொண்டு இரண்டு கடிதங்களை எழுத முடியும், ஆனால் ஒரே கடிதத்தை இரண்டு இடங்களுக்கு அனுப்பக் கூடாது. எந்த விருதானாலும் விதிமுறையில் உள்ள சொற்களைக் கூர்ந்து படியுங்கள்: சில விருதுகள் ஆய்வுக்கு உரியவை, சில துறைக்கு ஆற்றிய சேவைக்கு உரியவை, சில பணி ஓய்வுக்கு முன் மட்டுமே தரப்படுபவை.

மூன்றாவது பதில்

மாணவர்களைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. கடைசிப் பத்தியில் ஒதுக்க வேண்டிய பொருள் அன்று அது. 2008-இல் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோவுக்கு, மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் சிறப்புச் சாதனை விருது வழங்கப்பட்டபோது, மருந்து எதிர்ப்புத்திறன் குறித்தும் நோய்க்கிருமிகள் குறித்தும் அவர் செய்த ஆய்வுகளோடு, நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அவர் வழிகாட்டியதும் விருதுக்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. மேலே குறிப்பிடப்பட்ட லேவன்ஹூக் பதக்கத்தை 1970-இல் வான் நீல் பெற்றார். அவரிடம் பயின்ற ரோஜர் ஸ்டானியர் 1981-இல் அதே பதக்கத்தைப் பெற்றார். ஆனால் வெறும் எண்ணிக்கையாக எழுதினால் இது எடுபடாது. பேராசிரியரின் எந்த முறை எந்த மாணவரின் கையில் எந்தப் புதிய கேள்வியாக வளர்ந்தது என்று இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளை மட்டும் விரிவாகச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோளும் உண்டு. அவருடைய பணியை உயர்த்திச் சொல்லும்போது உடன் உழைத்தவர்களின் பங்கை அவர் மீது ஏற்றிவிடாதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை 1943-இல் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற முனைவர் பட்ட மாணவர். 1952-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டியான செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்கு முன்பே, 1950-இல், அந்தக் கண்டுபிடிப்பின் உரிமை வழக்காக நீதிமன்றம் சென்றிருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லாம்டா ஃபேஜைக் கண்டறிந்தவரும், பாக்டீரியா வளர்ப்புத் தட்டுகளைப் படியெடுக்கும் முறையை உருவாக்குவதில் பங்கு கொண்டவருமான எஸ்தர் லெடர்பெர்க்கின் பெயர், அவருடைய கணவர் ஜோஷுவா 1958-இல் நோபல் பெற்றபோது இடம்பெறவில்லை. இவ்வகை அநீதிகள் பெரும்பாலும் தீய எண்ணத்தால் நிகழ்வதில்லை. ஒருவரைப் பற்றி மட்டுமே எழுதும்படி அமைந்த படிவங்களால் நிகழ்கின்றன. காற்றில்லா வளர்ப்புகளை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்த ஆய்வக உதவியாளர்கள் உங்கள் துறையிலும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பெயரிட்டு ஒரு வரி எழுதுவதால் பேராசிரியரின் தகுதி குறையாது. நான் குழுவில் இருந்தால் அந்த வரியைப் படித்த பின் மற்ற வரிகளை இன்னும் அதிகமாக நம்புவேன்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேகரிப்பக எண்களைக் கொண்டு தேடும் வழி எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய ஸ்ட்ரெயின்களில் சிலவற்றின் எண்களை வைத்து இன்று தேடிப் பார்த்ததில், எங்களுக்கே தெரியாத ஆய்வுக் குழுக்கள் அவற்றின் ஜீனோமை வரிசைப்படுத்திப் பயன்படுத்தியிருப்பது தெரியவந்தது. அந்தக் குழுக்களின் தலைவர்களிடமே ஆதரவுக் கடிதம் கேட்கலாமா? அவர்கள் பேராசிரியரை நேரில் அறிந்தவர்கள் அல்லர். அப்படிக் கேட்பதென்றால் இந்தச் சுற்றுக்குள் முடியுமா என்பதும் ஐயமாக இருக்கிறது.

முதல் பதிலளித்தவர்

தாராளமாகக் கேளுங்கள். ஒரே நிறுவனத்தைச் சேராத, இணைந்து கட்டுரை எழுதாத ஒருவர் தரும் கடிதத்துக்குக் குழுவில் தனி மதிப்பு உண்டு. நேரில் பழக்கம் இல்லாதது இங்கே வலிமையே, ஏனெனில் அத்தகையவரால் பணியைப் பற்றி மட்டுமே பேச முடியும். மூன்று கடிதங்கள் வேண்டுமென்றால் ஒன்றை முன்னாள் மாணவரிடமும் மற்ற இரண்டை இத்தகைய வெளியாரிடமும் பெறுங்கள். என்ன எழுத வேண்டும் என்று அவர்களுக்கு வாசகம் அனுப்பாதீர்கள். மூன்று கடிதங்களிலும் ஒரே சொற்றொடர்கள் வந்தால் குழு உடனே கண்டுகொள்ளும்.

அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கவில்லை. பெய்டன் ரௌஸ் கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைப் பற்றி 1911-இல் எழுதினார். நோபல் பரிசு 1966-இல், அவருடைய 87-ஆவது வயதில் வந்தது. மரபுப் பொருள் டி.என்.ஏ. என்று 1944-இல் தம் சக ஆய்வாளர்களோடு காட்டிய ஆஸ்வால்ட் ஏவரி, நோபல் பரிசு பெறாமலேயே 1955-இல் காலமானார். வாழ்நாள் விருதுகள் பெரும்பாலும் மறைந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை. இந்த ஆண்டு தேர்வாகாவிட்டால் பரிந்துரையை மறுமுறை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று சங்கத்தின் அலுவலகத்தில் கேளுங்கள். பல சங்கங்களில் அந்த வசதி உண்டு. அனுப்புவதற்கு முன் பேராசிரியரிடம் சொல்லி ஒப்புதலும் பெற்றுவிடுங்கள். பணி விவரக் குறிப்பை அவரே சரிபார்த்துத் தருவது நல்லது, குறிப்பாக ஸ்ட்ரெயின்களை எந்தெந்த ஆண்டில், யாரோடு சேர்ந்து பிரித்தெடுத்தார் என்பதை.