ஊழியர் பட்டியல் கேட்டு மனு: எதைக் கொடுப்பது, எதை மறைப்பது?

கேள்வி (பதிவறை):
ஒரு துறையின் மொத்த ஊழியர் விவரமும் கேட்டு தகவல் உரிமை மனு வந்திருக்கிறது: பெயர், பதவி, சம்பளம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை. சுமார் 300 பேர். மூலக்கோப்பு எக்செல். வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, பிடித்தங்கள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 'தனிப்பட்ட தகவல்' என்று முழுசாக மறுத்துவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. இல்லையென்றால், வேண்டாத நெடுவரிசைகளை ஒளித்துவிட்டு அனுப்பினால் போதுமா?

பதில் (நகல்பிரிவு):
முழு மறுப்பு மேல்முறையீட்டில் நிற்பது கஷ்டம். பல நாட்டுச் சட்டங்களும் பிரிக்க முடிந்ததைப் பிரித்துக் கொடு என்கின்றன. இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அது பிரிவு 10. அதே சட்டத்தின் பிரிவு 4, ஊழியர்களின் மாத ஊதியத்தைக் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது.

பதவியோடு ஒட்டியதைக் கொடுங்கள், ஆளோடு ஒட்டியதை மறையுங்கள். மொத்தச் சம்பளம் பொதுப்பணம், கொடுக்கலாம். கைக்கு வரும் தொகையை மட்டும் பக்கத்தில் போடாதீர்கள். இரண்டையும் கழித்தால் கடன் தவணையும் ஜீவனாம்சப் பிடித்தமும் வெளியே வந்துவிடும். விடுப்பில் மொத்த நாட்கள் போதும்; மருத்துவமா மகப்பேறா என்ற வகை வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையில் முடிந்து தண்டனை கொடுத்தது வேறு, விசாரணையில் இருப்பது வேறு. எதுவானாலும் புகார்தாரர், சாட்சி பெயர்களை நீக்குங்கள். பதவி உயர உயர மறைக்கும் உரிமை குறையும். துறைத் தலைவரையும் எழுத்தரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பதில் (வெற்றுத்தாள்):
ஒளித்து அனுப்பவே கூடாது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை தகவல் மனு ஒன்றுக்குக் கொடுத்த எக்செல்லில் ஒளிந்திருந்த ஒரு தாள், 9,400-க்கும் மேற்பட்டோரின் குடும்பப்பெயர், பதவி, பணியிடத்தை இணையத்தில் போட்டுவிட்டது. கேட்டதோ வெறும் எண்ணிக்கை. அடுத்த ஆண்டு 7.5 லட்சம் பவுண்ட் அபராதம்.

மூலக்கோப்பில் வெட்டாதீர்கள். புதுக்கோப்பு திறந்து, கொடுக்க வேண்டிய நெடுவரிசைகளின் மதிப்புகளை மட்டும் ஒட்டி, சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக்கோப்பாக) சேமியுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து கடைசி வரி வரை பாருங்கள். பிவட் அட்டவணையை (எக்செல் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணை) அப்படியே கொடுத்தால், ஒரு எண்ணை இருமுறை சொடுக்கினாலே அடியிலுள்ள வரிசைகள் விரியும். பிடிஎஃப்பில் கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து கீழே அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். எழுத்தையே அழிக்கும் திருத்தக் கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் அச்செடுத்து, வெட்டி நீக்கி, ஸ்கேன் செய்யுங்கள். பேனாவால் அடித்தது ஸ்கேனில் வெளிச்சத்தைக் கூட்டினால் தெரியும்.

பதில் (கூட்டல்கழித்தல்):
பெயரை எடுத்தாலும் ஆள் தெரிவார். ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு ஓட்டுநர் என்றால் அந்த வரிசையே அவர்தான். 5-க்குக் குறைவான குழுக்களைப் பக்கத்துக் குழுவோடு சேருங்கள். ஒரு கட்டத்தை மட்டும் மறைத்து மொத்தத்தை விட்டுவைத்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணியாளர் எண்ணை 'ஹாஷ்' செய்து, அதாவது ஒரு கணக்கீட்டால் வேறு குறியீடாக மாற்றிக் கொடுப்பதும் வீண். 2014-ல் நியூயார்க் டாக்சித் தரவில் உரிம எண்களை எம்டி5 என்ற ஹாஷ் முறையில் மாற்றித்தான் கொடுத்தார்கள். சாத்தியமான எண்கள் குறைவு என்பதால் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒப்பிட்டே அவிழ்த்துவிட்டார்கள். வரிசையைக் கலைத்துவிட்டு 1, 2, 3 என்று புதிதாக எண் போடுங்கள்.

பதிவறை:
நீக்கிய இடங்களை வெறுமனே காலியாக விடலாமா?

நகல்பிரிவு:
கூடாது சார். ஒவ்வொரு இடத்திலும் 'நீக்கப்பட்டது' என்று போட்டு, எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் எழுதுங்கள். காலியாக விட்டால் தகவலே இல்லையா, மறைத்தீர்களா என்று மனுதாரருக்குத் தெரியாது. எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்?