கோல்ஃப் மைதான வடிவமைப்பாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் கோல்ஃப் மைதானத்தைப் புதுப்பிக்க இரண்டு வடிவமைப்பாளர்களைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் கோட்டு சூட்டு, கணீர்ப் பேச்சு, பளபளக்கும் படங்கள். குழுவில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இன்னொருவர் அதிகம் பேசவில்லை. சேறு படிந்த காலணியோடு கிரீன் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மண்ணை விரலால் பிசைந்து பார்த்து, "மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு இவர்மேல்தான் நம்பிக்கை.

1928இல் திறந்த, கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, படிப்பால் மருத்துவர். இன்றும் அவர் பெயர் நிற்பது மைதானங்களால்தான். வேலைத்திறன்தான் முக்கியம். ஆனாலும் மாதக்கணக்கில் கூடவே வேலை செய்யப்போகிறவர் என்பதால், குணத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இந்த இருவரும் முன்பு செய்த மைதானங்களின் பராமரிப்பாளர்களிடம் பேசப்போகிறேன். வடிகால், பங்கர் (மணல் பள்ளம்) பராமரிப்பு தவிர வேறென்ன கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.