14-ஐத் தாண்டினா மாரடைப்பா? ஓட்டக்காரர் ட்ரோபோனின் பற்றி

டவுன் ஆர்ச்: பாளை வ.உ.சி. மைதானத்துல மாரத்தானுக்குத் தயாராகுத பிள்ளைகளுக்குச் சொல்லுதேன். ஓடி முடிச்சதும் ட்ரோபோனின் எடுத்துப் பாருங்க; இருதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியுத புரதம் அது. 14-ஐத் தாண்டினா மாரடைப்புதான். மழுப்ப வேண்டாம்.

பாளை லேப்: ஏன்வே பிள்ளைகளைப் பயங்காட்டுதீரு? ட்ரோபோனின்ல டி, ஐ-ன்னு ரெண்டு வகைக்கு டெஸ்ட் உண்டு. 14 நானோகிராம்/லிட்டர்ங்கது ஹை-சென்சிட்டிவ் (நுண்ணளவையும் காட்டுத) ட்ரோபோனின் டி டெஸ்டுக்கு வச்ச 99-வது பெர்சன்டைல்; அதாவது நோயில்லாத நூறு பேர்ல 99 பேருக்கு அதுக்குள்ளதான் இருக்கும். ஓடாம சும்மா இருக்கவங்ககிட்ட எடுத்த அளவு அது. மாரத்தான் முடிச்சவங்கள்ல பாதிக்கு மேல அதைத் தாண்டுவாங்க. 2 முதல் 6 மணி நேரத்துல உச்சம், பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள்ள இறங்கிரும். பெரிய மாரடைப்புல ட்ரோபோனின் டி 10, 14 நாள் வரைக்கும்கூட இறங்காது.

டவுன் ஆர்ச்: 14 தாண்டுச்சா இல்லையா? அதைச் சொல்லும்.

குறுக்குத்துறை: அண்ணாச்சி, சில ரிப்போர்ட்ல 34-ன்னு போட்டிருக்கே?

பாளை லேப்: அது ட்ரோபோனின் ஐ. அபாட் கம்பெனி டெஸ்ட் கிட்ல ஆம்பளைக்கு 34, பொம்பளைக்கு 16. ஒரு கிட் நம்பரை இன்னொண்ணோட ஒப்பிடக் கூடாது.

டவுன் ஆர்ச்: 34, 16, 14! ஒரு நம்பர்ல நிக்கத் தெரியல, இதுல பாடம் நடத்துதாரு.

பாளை லேப்: பாடம்தான், கேளும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தா நம்பருக்குக் காத்திருக்கக் கூடாது. வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி. ரத்தம் எடுக்கும்போது ஓட்டம் முடிஞ்ச நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டுல எழுதணும். அங்கதான் எல்லாரும் கோட்டை விடுதாங்க. 3 மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்தா ஓடினவனுக்கும் ஏறும், மாரடைப்புக்காரனுக்கும் ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் வச்சுப் பிரிக்க முடியாது. 2018-ல வந்த உலகளாவிய மாரடைப்பு வரையறைப்படி ட்ரோபோனின் ஏற்ற இறக்கத்தோட வலி, ஈசிஜி மாற்றம், எக்கோ ஸ்கேன்ல இருதயச் சுவர் அசைவுக் குறை மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். மாரடைப்புக்கு முன்னாடி பாத்த சிகே-எம்பிங்க நொதி டெஸ்ட் வேண்டவே வேண்டாம்; கால் தசையில இருந்தும் அது கசியும்.

மேலப்பாளையம் கபடி: போன மாசம் நம்ம மன்றத்துக் கபடித் திரியில சிகே-எம்பி போதும்னு சொன்னது யாருவே?

பாளை லேப்: போதும்னு சொல்லல. ட்ரோபோனின் கிடைக்காத இடத்துலன்னு சொன்னேன். திரி அப்படியே இருக்கு, போய்ப் படியும்.

மேலப்பாளையம் கபடி: படிச்சேன். அந்த வரியை அப்புறமா சேத்திருக்கீரு.

டவுன் ஆர்ச்: விடும், அவரு அப்படித்தான். 2019-ல நெதர்லாந்து ஆய்வு வந்துச்சே? 725 பேரை 30 முதல் 55 கிலோமீட்டர் நடக்கவிட்டாங்க. 9 சதவீதத்துக்கு அளவு தாண்டுச்சு. அவங்கள்ல 27 சதவீதம் பேருக்குப் பின்னால மரணமோ பெரிய இருதயக் கோளாறோ. தாண்டாதவங்கள்ல 7 சதவீதம்தான். ஒண்ணுமில்லைன்னு எந்த வாயால சொல்லுதீரு?

பாளை லேப்: ஒண்ணுமில்லைன்னு நான் எங்க சொன்னேன்? அவங்கள்ல பாதிப் பேரு 61 வயசைத் தாண்டினவங்க. பார்த்தது ட்ரோபோனின் ஐ, எல்லை 40. 43 மாசம் தொடர்ந்து பார்த்ததுல வந்த கணக்கு, நடந்த அன்னைக்கு வந்த மாரடைப்பு இல்ல. உம்ம 14 அதுல எங்க இருக்கு?

டவுன் ஆர்ச்: 61 வயசுக்காரனுக்கு இருதயம் இல்லையோ?

குறுக்குத்துறை: அப்போ நாப்பது வயசுக்கு மேல ஓடுதவங்க என்ன செய்யணும் அண்ணாச்சி?

பாளை லேப்: ஓடுததுக்கு முன்னாடியே பிபி, சர்க்கரை, கொழுப்பு பாக்கணும். ஓடும்போது நெஞ்சு அழுத்தினா அன்னைக்கே இருதய டாக்டர். ஓடி மறுநாளும் ட்ரோபோனின் இறங்கலன்னா அதை விடவே கூடாது.

டவுன் ஆர்ச்: எதுக்குக் கீழ இறங்கணும்? 14-க்குத்தானே!

பாளை லேப்: எந்த கிட்னு முதல்ல சொல்லும்வே.

டவுன் ஆர்ச்: 14.