அமெரிக்க ஷிப்ட், வீட்டிலிருந்தே வேலை: தூக்கம் எங்கே கெடுகிறது? பார்த்ததைச் சொல்லுங்கள்

விடியல்வாசி:
அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர் ஆலோசனைக்கு வந்தார். கோடை ஷிப்ட், மாலை 6:30 முதல் அதிகாலை 3:30. படுத்தால் பத்து மணி வரை புரளல். டென்ஷன் குறைய என்ன செய்கிறீர்கள் என்றதும் போனை நீட்டினார்: மொட்டைமாடியில் எடுத்த சூரியோதயப் படங்கள், தினம் ஒன்று. அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. காலை வெளிச்சம் பட்டதும், தூக்கத்துக்குத் தயார்படுத்தும் ஹார்மோனான மெலடோனின் அடங்கி, உடம்பு பகலுக்குத் தயாராகிவிடும். மாடி நடையை மாலை 5 மணிக்கு மாற்றுங்கள். லாக்-அவுட் ஆனதும் டியூப்லைட்டை அணைத்து மங்கலான மஞ்சள் விளக்கு, 4:30க்குப் படுக்கை. ஜன்னலுக்குக் கருப்புத் துணி இரட்டை மடிப்பு. ஓரத்தில் கசியும், அங்கே வெல்க்ரோ ஒட்டுங்கள்.

டிகாஷன்:
வெயிலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் சார். இங்கே வந்த ஒரு டீம் லீட் அறையைக் கும்மிருட்டாக்கியிருந்தார், மேஜையில் பிளாஸ்க்! அதிகாலை 2 மணி வரை பில்டர் காபி. காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 2013இல் வந்த ஆய்வில், படுக்க 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. 4:30க்குப் படுப்பவருக்குக் கடைசி டம்ளர் இரவு 9 மணிக்குள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை டிகாஷனைக் கால் பங்கு குறையுங்கள். டீ, கோலா எல்லாம் இதே கணக்கில்தான்.

விடியல்வாசி:
கேட்டேன். அவர் காபியே தொடுவதில்லை.

பாய்தலையணை:
இரண்டு பேரும் கட்டிலை மறந்துவிட்டீர்கள். ஒற்றை அறையில் இருக்கும் பெண் ஒருவர், கட்டிலிலேயே வேலை, தலையணைக்கு அடியில் சார்ஜர் வயர். படுத்த உடனே டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்) ஞாபகம் வருகிறது என்றார். வராமல் என்ன செய்யும்? படுக்கையை மூளை ஆபீஸ் என்று பழகிவிட்டது. மேஜை போட இடமில்லையா, பாயும் சாய்வுப் பலகையும் வேலைக்கு, கட்டில் தூக்கத்துக்கு மட்டும். முடிந்ததும் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். லாக்-அவுட்டுக்கு முன் 5 நிமிடம், நாளை செய்யவேண்டியதைத் தாளில் எழுதுங்கள். முடித்த வேலையை அல்ல. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால்தான் திரும்பப் படுக்கை. மணி பார்க்கக் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. முதல் வாரம் அசதி கூடும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் இதெல்லாம் பலிக்காது, டாக்டரிடம் போங்கள்.

நவம்பர்:
நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். இங்கே ஷிப்ட் இரவு 7:30 முதல் 4:30. முந்தைய வியாழனிலிருந்தே படுப்பது, எழுவது, சாப்பாடு மூன்றையும் தினம் 15 நிமிடம் தள்ளுங்கள். வீட்டிலும் சொல்லிவையுங்கள். ஒருவருடைய அம்மா பழைய கணக்கிலேயே 11:30க்கு எழுப்பி, "இட்லி ஆறுது, சாப்பிட்டுட்டுப் படு கண்ணு" என்றார். மறுபடி தூக்கம் பிடிக்கவே இல்லை. இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, கதவில் எழும் நேரத்தைப் பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னோம்.